ராக்காயி அக்கா வரைந்த வீட்டுப் படம்

என் தையல் மெஷின் நிற்கிற சுவருக்கு அந்தப் பக்கம்தான் ராக்காயி அக்காவின் வீடு. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே நீளக் கூரை. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் பசிக்கும். காலை ஆறரைக்கு எனக்கு அலாரம் வேண்டியதில்லை. அக்கா வேலைக்குக் கிளம்பும்போது வாசல் இரும்புக் கிரில்லை இழுப்பாள், கர்ர் என்று கேட்கும். பிறகு வெளியே நின்று பூட்டைப் போடுவாள், டக் என்று கேட்கும். அந்த டக்கில் எழுந்து நான் தண்ணீர் சுட வைப்பேன்.

உள்ளே அவள் வீட்டுக்காரர் ராமையா அண்ணன் இருப்பார். லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலால் தரையை உந்தி, வீட்டுக்குள் நடமாடுவார். மேசையில் சோறு, பிளாஸ்க்கில் கோப்பி, கைக்கு எட்டும் தூரத்தில் டிவி ரிமோட். மாலை நாலரைக்கு அக்கா திரும்பும்வரை வெளியே பூட்டு. எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் பட்டப்பகலில் திருடன் புகுந்தான், அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் பூட்டுதான். "அவரு பத்திரமா இருக்காரு" என்று அக்கா சொல்வாள். நானும் ஆமாம் போடுவேன். பகல் முழுக்க வீட்டிலிருந்து ஜாக்கெட் தைக்கிற எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

இன்னொரு சாவி முதலில் என்னிடம்தான் இருந்தது. அவள் கறிவேப்பிலை மரம் என் பக்கம் சாய்ந்து சாக்கடையை அடைத்தது, நான் ஒரு கிளையை வெட்டினேன். அதற்கு அவள் பேசிய பேச்சும் நான் பேசிய பேச்சும் இங்கே எழுதக்கூடாதவை. மறுநாள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பேச்சு மூன்று மாதத்தில் திரும்ப வந்தது, சாவி வரவில்லை. அது அவள் வீட்டுச் சாமி மேடைக்கு மேலே, முருகன் படத்துக்கும் மேலே, ஓர் ஆணியில் தொங்கியது. அவ்வளவு உயரத்தில் மாட்டியதற்கும் காரணம் வைத்திருந்தாள். தாழ்வாக இருந்தால் திருடன் கிரில் வழியாகக் கம்பியை விட்டு எடுத்துவிடுவானாம். சாமிக்கு மேலே இருந்தால் சாமி பார்த்துக்கொள்ளுமாம்.

அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவளுக்கு 'ஏன்' என்கிற வியாதி. சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைவீட்டில் வேலை செய்தவர். பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றுவிட்டாள், கேள்வி கேட்பது மட்டும் நிற்கவே இல்லை. பஸ் கதவு ஏன் சீறுகிறது என்று டிரைவரைக் கேட்பாள். அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது, மூளையில் இடது பக்கம் அடைத்தால் வலது கை ஏன் போகிறது என்று கேட்டுக் கேட்டு அந்த டாக்டருக்கே வேர்த்துவிட்டது. ஈப்போ டவுனில் ஒரு ஓட்டலில் ஐந்தாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்கிறாள், பதினோரு வருஷமாக. ஓட்டல்காரர்கள் அவளைப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் அவள் விரிக்கிற படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்காது.

போன வருஷம் கல்யாண மாதத்தில், பாகான் டத்தோவிலிருந்து ஒரு பெண் வீட்டார் அந்த மாடியில் தங்கினார்கள். கூறைப்புடவை கசங்கக்கூடாது என்று பெண்ணின் அத்தை இடம் தேடியிருக்கிறாள். அலமாரி உயரம் போதவில்லை. அண்ணாந்து பார்த்தால் சுவரோரம் கூரையில் கொக்கி மாதிரி ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டில்மேல் ஏறி, ஹேங்கரோடு புடவையை அதில் மாட்டிவிட்டாள். சரிகைப் புடவை, நல்ல கனம். சரியாகத் தொங்குகிறதா என்று ஒரு இழுப்பு வேறு இழுத்தாள்.

அவ்வளவுதான். கோப்பி நிறத்தில் நாற்றத் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அத்தை, புடவை, கட்டில் எல்லாம் கறுப்பு. கல்யாண வீட்டார் போட்ட கூச்சலில் அக்கா ஓடிப் போய் நின்றாள். எல்லாரும் புடவையைப் பார்த்து அழ, இவள் மட்டும் வாயைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

ஓட்டலின் பராமரிப்பு ஆள் ராஜு வந்து தண்ணீரை அடைத்த பிறகு அவனைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை என் வாசலில் நின்று, இரண்டு பேர் குரலிலும் பேசிக் காட்டினாள்.

"தம்பி, இது தீப்புடிச்சா தண்ணி ஊத்துற ஸ்பிரிங்க்ளர்தானே? இந்த ரூம்ல மட்டும் ஊத்துச்சு, பக்கத்து ரூம்ல ஏன் ஊத்தல?"

"சினிமாவுல காட்டுற மாதிரி எல்லாம் ஒண்ணா ஊத்தாது லா அக்கா. ஒவ்வொண்ணும் தனித்தனி. எதுக்குச் சூடு படுதோ அது மட்டும் தொறக்கும்."

"அதுக்கு எப்படித் தெரியும் சூடுன்னு?"

"நடுவுல சின்னதா கண்ணாடிக் குழாய் இருக்கு பாருங்க, உள்ள செவப்புத் தண்ணி. அறுபத்தெட்டு டிகிரி சூடு வந்தா அது விரிஞ்சு கண்ணாடி ஒடஞ்சிடும். கண்ணாடிதான் மூடியைப் புடிச்சிருக்கு. ஒடஞ்சா தண்ணி வந்துரும். அந்தப் பெரியம்மா சூடு காட்டல, ஹேங்கரால ஒடச்சிட்டாங்க."

"கரண்டு?"

"வேணாம். ஆளும் வேணாம்."

"தண்ணி ஏன் கறுப்பு?"

"குழாய்க்குள்ளயே வருஷக்கணக்கா நிக்குதுல்ல."

ஆளும் வேண்டாம் என்ற சொல் அவளை விடவே இல்லை. என்னிடம் அதை நாலு தடவை சொன்னாள். "யாரும் இல்லாத ரூம்ல, யாரும் கூப்பிடாம, அதுவா தண்ணி ஊத்துதாம் சாந்தினி!" பதினோரு வருஷம் அதன் அடியில் நின்று விரிப்பு மாற்றியிருக்கிறாள், ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அவமானம்.

ஒரு வாரம் ராஜுவை நச்சரித்து, தாழ்வாரத்திலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங்க்ளர் தலைகள் இரண்டை வாங்கி வந்துவிட்டாள். கட்டைவிரல் அளவு பித்தளை, நடுவில் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பருத்த கண்ணாடி, உள்ளே ரோஸ் சிரப் போல ஒரு சொட்டு. சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டாள். சட்டியில் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு தலை, மேலே மாவுச் சல்லடையைக் கவிழ்த்து மூடி, அடுப்பைப் பற்றவைத்தாள். ராமையா அண்ணன் நாற்காலியை உந்திக்கொண்டு அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். "ரசம் நல்லா கொதிக்கட்டும்" என்று கேலி வேறு.

தண்ணீர் கொதிக்கவே இல்லை. சட்டியின் அடியில் குட்டிக் குட்டிக் குமிழ் கட்டும்போதே, டிக். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் குதித்தோம், அண்ணன் பாதி குதித்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு சட்டிக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"புகைவீட்டுச் சூட்டுக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான். எங்கப்பா கதவைத் தொட்டே சொல்லிருவாரு, இதுக்கு மேல போனா ஷீட்டு கெட்டுடும்னு. அதே சூட்டுக்கிட்டதான் இதுவும் முழிச்சுக்குது."

பிறகு அவள் அண்ணாந்து தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். ஒரு காற்றாடி, ஒட்டடை, மழைநீர்க் கறை.

"ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறவன் தலைக்கு மேல அது இருக்கு" என்றாள். "இவரு தலைக்கு மேல ஏன் இல்ல?"

அண்ணன் சிரிப்பதை நிறுத்தினார். எனக்கும் ஏதோ சுருக்கென்றது. ஆனால் அப்போதும் நான் பூட்டைப் பற்றி நினைக்கவில்லை, அதுதான் உண்மை.

அடுத்த ஞாயிறு ராஜு மோட்டார் சைக்கிளில் வந்தான். ஏணி போட்டு, கூரைப் பலகையைத் தள்ளி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். இறங்கும்போது முகமெல்லாம் தூசி.

"வீட்டுக்கும் போடலாம் அக்கா. சில நாட்டுல போடுறாங்க. ஆனா இந்த டேங்கி கூரைக்கு ஒட்டி உக்காந்திருக்கு, வேகமே வராது. உங்க ஷவரே அழுதுக்கிட்டுத்தான் ஊத்துது. தனி டேங்கி, பம்பு, குழாய் எல்லாம் வேணும், தெரிஞ்சவங்க கணக்குப் போட்டுத்தான் வைக்கணும். இந்தத் தலையை வாங்கியாந்து குழாய்ல திருகினா அது சாமி அலங்காரம், அவ்வளவுதான்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. ராஜு இன்னொன்றும் சொன்னான். மேலே தடுப்புச் சுவர் கூரைவரை ஏறவில்லையாம். இங்கிருந்து டார்ச் அடித்தால் கடைசி வீடுவரை தெரிகிறதாம். என் வீட்டில் பற்றினால் அவள் வீட்டுக்கு, அவள் வீட்டில் பற்றினால் எனக்கு. கருவாட்டு வாசம் வந்த வழி எனக்கு அன்றுதான் புரிந்தது.

"அதை விடுங்க, தண்ணி நெருப்பைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கும். அதுக்குள்ள ஆளு வெளிய வரணும். அண்ணே எப்படி வெளிய வருவாரு?"

"சாவி உள்ள இருக்கு லா, கம்பி வழியா கைய விட்டுத் தொறந்துக்குவாரு" என்றாள் அக்கா.

"ஓட்டல் ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு படம் ஒட்டியிருக்கே, பாத்திருக்கீங்களா?"

"தெனமும் தொடைக்கிறேன்."

"படிச்சிருக்கீங்களா?"

கேள்வி கேட்கிறவளை ஒருவன் கேள்வி கேட்டு மடக்கியதை அன்றுதான் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

மறுநாள் ஒரு அறைக்கதவின் பின்னால் நின்று அந்தப் படத்தைப் படித்தாள். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று மலாயில் எழுதி ஒரு சிவப்புப் புள்ளி. அங்கிருந்து மாடிப்படிவரை பச்சை அம்பு. வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் தன் வீட்டை வரைந்தாள். என் தையல் அடிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள், நானும் பின்னாலேயே போனேன். பென்சில் கோடு, நேராகவே வந்திருந்தது. பின்னறைக் கட்டிலில் குங்குமத்தைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தாள். அதுதான் ராமையா அண்ணன். அங்கிருந்து அம்பு போட ஆரம்பித்தாள்.

பின்வாசலுக்கு ஓர் அம்பு. அங்கே வாஷிங் மெஷின், அதன் மேல் பழைய பேப்பர்க் கட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு பூட்டு. அடித்துவிட்டாள். சன்னலுக்கு ஓர் அம்பு. சன்னல் முழுக்கக் கம்பி. அடித்துவிட்டாள். முன்வாசலுக்கு ஓர் அம்பு, வாசலில் பூட்டு. சாவி எங்கே என்று வாசல் பக்கத்துச் சுவரில் சாமி மேடையை வரைந்தாள். மேடையில் பட்டுத் திரை, பிளாஸ்டிக் மாலை, கற்பூர டப்பா, தீப்பெட்டி. நடுவில் காமாட்சி விளக்கு.

பென்சில் அங்கே நின்றது.

அவள் தினமும் காலை ஆறு மணிக்கு அந்த விளக்கை ஏற்றுவாள். எண்ணெய் நிறைய ஊற்றி, எரியவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அவரைத் தனியாக விட்டுப் போகிறோமே, விளக்காவது துணை இருக்கட்டும் என்று. எங்கள் வரிசையில் பாதிப் பெண்கள் இப்படித்தான். விளக்கைத் துணைக்கு வைத்து, சாவியை அந்த விளக்குக்கு மேலேயே மாட்டி, வெளியே பூட்டிவிட்டு, நிம்மதியாகப் பஸ் ஏறிவிடுவாள்.

"எட்டிருவாரு" என்றாள் என்னைப் பார்த்து. "எட்டுவாருல்ல?"

நான் அண்ணாந்து ஆணியைப் பார்த்தேன்.

"பாத்துருவோம்."

அவளுக்கு எதையும் செய்து பார்த்தால்தான் தீரும். அடுத்து வந்த ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணனை நாற்காலியோடு வாசல் கூரைக்குக் கீழே கொண்டுவந்து விட்டோம். அவள் உள்ளே போனாள். என்னை வெளியே நின்று பூட்டச் சொல்லி, தன் சாவியைக் கையில் கொடுத்தாள். டக். மூன்று வருஷம் சுவருக்கு அப்பால் கேட்ட சத்தம், என் கையிலேயே கேட்டது. எனக்குப் பிடிக்கவில்லை.

வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டாள், கண்ணையும் கட்டிக்கொண்டாள். நடக்க மாட்டாளாம். "புகை மேலதான் நிக்கும். எங்கப்பா புகைவீட்டுக்குள்ள போனா குனிஞ்சுதான் போவாரு. தரையிலதான் மூச்சு விட முடியும்" என்று சொல்லிவிட்டு, வலது காலை இழுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து சரிந்தாள். நான் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டேன்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. டிவி மேசையில் முட்டினாள், "யாருடா இத இங்க வச்சது" என்று திட்டினாள். நாலு நிமிஷம் ஆனது, அப்போது நான் சிரிப்பை விட்டுவிட்டேன். ஆறு நிமிஷத்தில் மேடைக்குக் கீழே வந்து சேர்ந்தாள். சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்து இடது கையைத் தூக்கினாள். பலகையின் அடி தட்டுப்பட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இன்னும் எக்கினாள். பட்டுத் திரை கையில் சிக்கியது, இழுத்தாள். காமாட்சி விளக்கு சரிந்து அவள் தோளில் விழுந்து உருண்டது. ஏற்றாத விளக்குதான். எண்ணெய் மட்டும் ஜாக்கெட் முழுக்க ஓடியது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் விரலுக்கு ஒரு முழம் மேலே, ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிஷம்.

"எட்டாது" என்றார் அண்ணன், கிரில்லுக்கு இந்தப் பக்கமிருந்து. "போன தீபாவளிக்கு முன்ன ஒரு நாளு நானும் பாத்தேன்."

அக்கா கண்கட்டை அவிழ்த்தாள். "என்ன பாத்தீங்க?"

"கீழ விழுந்துட்டேன் அன்னிக்கு. திரும்ப நாக்காலியில ஏற முடியல. சரி, வெளிய யாரையாச்சும் கூப்பிடுவோம்னு வாசல் வரைக்கும் வந்தேன். பூட்டு. சாவிக்குக் கைய நீட்டினேன், எட்டல. நீ வர்ற வரைக்கும் அங்கேயேதான் கெடந்தேன்."

"டிவி பாக்கத் தரையில படுத்தேன்னு சொன்னீங்களே!"

"ஆமா."

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுருவ" என்றார். "அப்புறம் ரெண்டு பேரும் என்ன பண்றது?"

அவள் அழுதாள். ராக்காயி அக்கா அழுது நான் பார்த்ததில்லை, கறிவேப்பிலைச் சண்டையில்கூட. அன்றைக்கு நானும் வீட்டில்தான் இருந்திருப்பேன். தீபாவளிக்கு முன்னால் எனக்கு ஜாக்கெட் வேலை குவிந்து கிடக்கும், மெஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழுந்திருக்காது. ஒரு கிளைக்காகச் சண்டை போட்டு ஒரு சாவியை இழந்தவள் நான். கதவைத் திறக்கும்போது சாவி இரண்டு தடவை தவறியது.

"இத நீயே வச்சுக்க" என்றாள் அவள், எண்ணெய்க் கையால் என் கையை மூடி. "மரத்தையும் வெட்டிக்க."

மரத்தை நான் வெட்டவில்லை.

அந்த வாரமே எங்கள் தெரு வெல்டிங்காரர் கனகராஜ் வந்தார். பூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் திருகுகிற உயரத்தில் வேறொரு பூட்டு வைத்தார். உள்ளேயிருந்து சாவியே வேண்டாம், திருகினால் போதும். வெளியேயிருந்துதான் சாவி, அதில் ஒன்று என்னிடம். திருடன் கம்பி விட்டுத் திருகாமல் இருக்க, சுற்றிலும் ஒரு தகடும் அடித்தார். வாஷிங் மெஷின் இடம் மாறியது. ராஜு வாங்கி வந்த இரண்டு புகை அலாரங்களை மாட்டினோம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் அலறி எங்கள் வரிசை முழுவதையும் வாசலுக்குக் கொண்டுவந்தன. அது நல்லதாயிற்று. கூரைக்குள் தடுப்புச் சுவர் இல்லாத கதையை அக்கா அங்கேயே நின்று பன்னிரண்டு வீட்டுக்கும் சொன்னாள். இப்போது ஏழு வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் நாட்காட்டித் தாளில் குங்குமப் புள்ளி வைத்த படம் ஒட்டியிருக்கிறது. ஸ்பிரிங்க்ளரை அவள் விட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே டேங்கி, ஒரே பம்பு வைத்தால் என்ன என்று ராஜுவைத் தினமும் குடைகிறாள். மிச்சமிருந்த ஒரு தலை அவள் டிவிக்குப் பக்கத்தில், சிவப்புச் சொட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

விளக்கை இன்னும் ஆறு மணிக்கு ஏற்றுகிறாள். கிளம்பும்முன் ஒரு பூவால் திரியைத் தொட்டு அமர்த்திவிடுகிறாள். "நான் வேலைக்குப் போவணும்னு முருகனுக்குத் தெரியாதா?" என்கிறாள்.

புதுப் பூட்டு வைத்த மறுநாள் காலை ஆறரைக்கு நான் விழித்தேன். கர்ர் கேட்டது. டக் கேட்கவில்லை. பதறி வாசலுக்கு ஓடினேன். அக்கா பையை மாட்டிக்கொண்டு கிரில்லுக்கு வெளியே நின்றாள். உள்ளே நாற்காலியில் அண்ணன், இடது கை பூட்டின் மேல்.

"பூட்டுங்க" என்றாள். டக்.

"தொறங்க." திறந்தார்.

"மறுபடியும்."

"பஸ்ஸு போயிரும் ராக்காயி."

"மறுபடியும் லா."

டக். அவர் பூட்டினார், திறந்தார், பூட்டினார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பஸ் போய்விட்டது. அவள் அடுத்த பஸ்ஸில் போனாள்.